வழிதவறிய நாயைத் தேடிக் காணுதல்

மனிதன் பழக்கி வளர்த்த விலங்குகளுள் நாயே முற்பட்டது. உழவுத் தொழில் தோன்றுவதற்கு முன்னரே, ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஓநாய்க் குலத்தினின்று பிரிந்து, மனிதனை அடுத்து வாழும் வாழ்வை அது மேற்கொண்டது. அன்று தொட்டு வேட்டைக்குத் துணையாகவும், மந்தைக்குக் காவலாகவும், மனைக்குத் தோழனாகவும் விளங்கி வருகிறது. நாலடியார் யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நட்புக்கு நாயையே சிறந்த உவமையாக வைத்துப் பேசுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உளது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் ஆநிரைப் போரில் பட்ட வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில், அவன் அருகே அவனுடைய நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்து, இறந்து கிடந்த தலைவனை விட்டு நீங்காது காவல் நின்ற அதன் செயலைக் கல்லெழுத்து கூறுகிறது.

இத்தகைய விலங்கு ஒருநாள் காணாமற்போகுமாயின் அவ்வீட்டில் உண்டாகும் துயரம் சிறிதன்று. குழந்தைகள் உணவை மறுப்பர். முதியோர் வாயிலையே நோக்கியிருப்பர். நாயின் துயரமோ அதனினும் பெரிது. பழகாத தெருவில் பிற நாய்கள் அதனைச் சூழ்ந்து கடிக்கும். விரைந்து செல்லும் ஊர்திகள் அதன் உயிரைப் போக்கும். நீரும் உணவுமின்றி அது நலியும். அழுதிருப்பதனாலோ, எண்ணமின்றி நாற்புறமும் ஓடுவதனாலோ பயன் விளையாது. பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. தேடுதலுக்கும் ஒரு முறை உண்டு. தாமிரபரணி பாயும் நெல்லைச் சீமையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையை இப்பாடம் விளக்குகிறது.

நெல்லைச் சீமையும் நாய்களும்

நாய்க்குப் பெயர் பெற்ற சீமை இது. பாஞ்சாலங்குறிச்சியில் முயலொன்று வேட்டை நாய்களை எதிர்த்துத் துரத்தியதைக் கண்டு, வீரம் விளையும் மண் இதுவெனத் தெளிந்து, அங்கே கோட்டை எழுப்பினர் என்பது செவிவழிக் கதை. வடக்கே பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தில் கன்னி, சிப்பிப்பாறை என்னும் இருவகை வேட்டை நாய்கள் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருகின்றன. சிப்பிப்பாறை என்பது இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊரின் பெயர். இராசபாளையம் என்னும் ஊரும் தன் பெயரை வெண்ணிற நாய் வகை ஒன்றுக்கு வழங்கியுள்ளது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும் வரை இராசபாளையம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 2005-இல் இந்திய அஞ்சல்துறை இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

இவ்வகை நாய்களைப் பற்றி இங்குக் கூறுவது பெருமைக்காக மட்டும் அன்று; தேடுதலுக்கும் அவ்வறிவு வேண்டும். கன்னியும் சிப்பிப்பாறையும் மோப்பத்தைக் காட்டிலும் பார்வையைக் கொண்டு வேட்டையாடுபவை. மெலிந்த உடலும் நீண்ட கால்களும் ஒடுங்கிய முகமும் உடையவை. தொலைவில் முயலொன்று துள்ளக் கண்டால், அழைக்கும் குரல் செவியில் ஏறாது. அம்பெனப் பாய்ந்து சில நிமிடங்களில் நெடுந்தொலைவு கடந்துவிடும். எனவே இவ்வகை நாய் காணாமற்போனால் அது ஓடிய திசையைக் கண்டவரைத் தேடிப் பிடித்து, அத்திசையிலேயே தொலைவு வரை செல்ல வேண்டும். வீட்டு முற்றத்தைக் காக்கும் நாட்டு நாயோ அத்துணைத் தொலைவு செல்வது அரிது. அதனை அண்டை அயலிலேயே தேடுதல் தகும்.

நாய் வழிதவறும் காரணங்கள்

நாய் வீட்டை விட்டு நீங்குவதற்குக் காரணங்கள் சில உண்டு. அச்சம் அவற்றுள் முதன்மையானது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். நாயின் செவி 45,000 அதிர்வுகள் வரை கேட்க வல்லது. நமக்கு மகிழ்ச்சி தரும் தீபாவளி வெடி நாய்க்குப் பேரிடியாகிறது. நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்து ஆரவாரமும், ஐப்பசி கார்த்திகை இடிமழையும் அவ்வாறே நாயைக் கலங்கச் செய்யும். இரண்டாவது காரணம் இணைதேடும் வேட்கை. மூன்றாவது வேட்டை நாட்டம். நான்காவது இடமாற்றம், புதிய வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நாய் பழைய வீட்டை நாடிப் புறப்படும். ஐந்தாவது களவு.

காரணம் இன்னதெனத் தெளிந்தால் தேடும் இடமும் தெளிவாகும். அஞ்சி ஓடிய நாய் ஒளிவிடம் நாடும். இணை நாடிய நாய் தெருநாய்க் கூட்டத்தில் காணப்படும். இடம் மாறிய நாய் பழைய வீட்டு வழியில் எதிர்ப்படும். களவு போன நாய்க்குக் காவல் நிலையத்தில் முறையிட வேண்டும்.

நாய் வழியறியும் திறம்

நாயின் மூக்கு இயற்கையின் அரிய படைப்பு. மோப்பத்தை உணரும் அணுக்கள் மனிதனுக்குச் சில பத்து இலட்சங்களே. நாய்க்கோ இருபது கோடிக்கும் மேற்பட்டவை. தான் வந்த வழியில் தன் மோப்பத்தையே பற்றிக்கொண்டு அது மீளும். 2020-இல் செக் நாட்டு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வொன்று மற்றொரு வியப்பையும் காட்டியது. 27 வேட்டை நாய்களின் கழுத்தில் இடங்காட்டும் கருவிகளைக் கட்டிக் காட்டில் விட்டு அவை மீளும் வழியைக் குறித்தனர். வந்த வழியே திரும்பாமல் புதுவழியில் மீண்ட நாய்களுட் பல, முதலில் ஏறத்தாழ 20 மீட்டர் தொலைவு வடக்குத் தெற்காக ஓடி, அதன் பின்னரே தலைவனை நோக்கித் திரும்பின. அவ்வாறு ஓடியவை விரைவில் வந்து சேர்ந்தன. புவியின் காந்தப் புலத்தை அவை உணர்கின்றன போலும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

1923-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் தொலைந்த பாபி என்னும் நாய், 1924 பிப்ரவரியில், ஏறத்தாழ 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஆரிகன் மாநிலத்தில் உள்ள சில்வர்ட்டன் என்னும் தன் ஊரை நடந்தே வந்தடைந்தது. ஆயினும் எல்லா நாயும் பாபி ஆகிவிடாது. தானே வந்துவிடும் என்று வாளா இருத்தல் தவறு. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின்படி, காணாமற்போன நாய்களுள் நூற்றுக்கு 93 மீண்டும் கிடைத்தன. கிடைத்தவற்றுள் ஏறத்தாழப் பாதி, உரியவர் அண்டை அயலில் தேடியதனாற் கிடைத்தவை. தாமே வீடு திரும்பியவை ஐந்தில் ஒரு பங்கே. முயற்சி திருவினையாக்கும் என்பது இவ்விடத்தும் உண்மையாதல் காண்க.

தேடும் முறை

முதற்கண் வீட்டையே தேட வேண்டும். கட்டிலின் அடி, நெற்குதிரின் பின்புறம், மாட்டுத் தொழுவம், வைக்கோற்படப்பின் இடுக்கு ஆகியவற்றை நன்கு நோக்க வேண்டும். தெருவெல்லாம் தேடப்பட்ட நாய் தொழுவத்து மூலையில் உறங்கிக் கிடப்பதும் உண்டு. அங்கு இல்லையெனத் தெளிந்தபின் ஒருவர் வீட்டில் இருக்க, மற்றவர் புறப்பட வேண்டும். வாயிற்கதவு திறந்தே இருக்கட்டும். நாய் படுத்த சாக்கும், வீட்டார் உடுத்துக் களைந்த துணியும் திண்ணையில் கிடக்கட்டும். அவற்றின் மணம் நாய்க்கு வழிகாட்டும்.

இவ்விடத்துக் காற்றின் திசையையும் கருத வேண்டும். ஆனி ஆடித் திங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று வீசுகிறது. கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும் அக்காற்றினாலேயே. அப்போது வீட்டின் மணம் கிழக்கு நோக்கிச் செல்லும். வீட்டிற்குக் கிழக்கே நிற்கும் நாய்க்கு அம்மணம் எட்டும். மேற்கே நிற்கும் நாய்க்கு எட்டாது. ஆகவே அத்திங்களில் மேற்குத் திசையைக் கூடுதல் கருத்தோடு தேடுதல் அறிவுடைமையாகும்.

அடுத்து நிலத்தின் இயல்பு நோக்க வேண்டும். தாமிரபரணிச் சமவெளி கால்வாய்களால் பின்னப்பட்டது. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் முதலியன வயல்களுக்கு நீரைக் கொண்டு செல்கின்றன. பயிர் நிற்கும் பருவத்தில் சேற்று வயலில் நாய் நடப்பதில்லை. கால்வாய்க் கரையே அதற்கு நடைவழி. ஆதலால் கரை நெடுகச் சென்று, மதகுகளின் அடியையும், பாலங்களின் கீழையும், ஆற்றங்கரைக் கல்மண்டபங்களையும், படித்துறைகளையும் பார்த்தல் வேண்டும். தெற்கே தேரிக்காட்டில் செம்மணல் மென்மையானது. வைகறையில், காற்று எழுமுன், அதில் காலடிச் சுவடு தெளிவாகத் தோன்றும். கால்களின் சுவடு வரிசையாகவும் ஆழமாகவும் இருப்பின் நாய் ஓடியது என்றும், அங்குமிங்கும் சுழன்றிருப்பின் உணவு தேடியது என்றும் ஊகிக்கலாம்.

பாபநாசம், மணிமுத்தாறு ஆகிய மலையடிவார ஊர்களில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1988-இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அவ்வூர்களை அடுத்துள்ளது. சிறுத்தைகள் இரவில் ஊர்ப்புறம் வந்து நாய்களைக் கவர்வதுண்டு. நாயைத் தேடி எவரும் காட்டினுள் நுழைதல் கூடாது. வனத்துறையினர்க்கு அறிவித்தலே முறை. ஒரு நாயின் பொருட்டு ஒரு சிறுவனின் உயிரை இடருக்கு உட்படுத்தல் அன்பாகாது.

தேடுவதற்கு ஏற்ற பொழுது வைகறையும் அந்திக்குப் பின் வரும் முதற்சாமமும் ஆகும். நண்பகல் வெயிலில் நாய் நிழலில் ஒடுங்கிவிடும். ஊர் அடங்கிய பொழுதில்தான் அஞ்சிய நாய் வெளிவரும். வீட்டில் எவர் குரலுக்கு அது மிகவும் பழகியதோ, அவரே அழைக்க வேண்டும். பலர் கூடிக் கூவுதல் அதனை மேலும் அஞ்சி ஓடச் செய்யும். சிறிது அழைத்து, சிறிது நின்று, செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். கைவிளக்கொளியைப் புதர்களில் செலுத்தினால் நாயின் கண்கள் ஒளிரும்.

பிறரிடம் வினாவுதல்

ஒருவர் கண்ணினும் ஊரார் கண் பெரிது. வைகறையில் தெருவில் நடமாடுவோர் பால்காரர், செய்தித்தாள் போடுவோர், தூய்மைப் பணியாளர், தேநீர்க் கடைக்காரர் ஆகியோர். அவர்களை முதலில் வினாவ வேண்டும். இறைச்சிக் கடையருகே நாய்கள் கூடும். அக்கடைக்காரரையும் வினாவ வேண்டும். வயற்புறத்தில் நீர் பாய்ச்சுவோரும், அறுவடைக்குப்பின் வாத்து மேய்ப்போரும், கரிசற்காட்டில் ஆட்டுக்கிடை போடுவோரும் அறியாத அயல்நாய் அப்பக்கம் வருவதில்லை. மேலப்பாளையத்தில் செவ்வாய்தோறும் கூடும் கால்நடைச் சந்தைக்குப் பல ஊரார் வருகின்றனர். அங்குச் சொன்ன செய்தி பல ஊர்களுக்குச் செல்லும்.

முன்னாளில் ஊரில் பறையறைந்து செய்தி அறிவித்தனர். மாந்தரை இழிவுக்கு உட்படுத்தும் முறை எனக் கருதி அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழ்நாட்டு அரசு 2022-இல் அறிவுறுத்தியது. இன்று சுவரொட்டியும், தொலைபேசி வழி அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் அப்பணியைச் செய்கின்றன. அறிவிப்பு சுருங்கச் சொல்லல் வேண்டும். நாயின் படம், நிறம், பெயர், காணாமற்போன இடமும் நாளும், தொலைபேசி எண் ஆகிய இவையே போதும். எழுத்து தொலைவிலிருந்தும் படிக்கும் அளவில் பெரிதாக இருத்தல் வேண்டும். நாயின் உடலிலுள்ள தனி அடையாளம் ஒன்றை மட்டும் கூறாது மறைத்து வைத்தல் நன்று. “நாய் என்னிடம் உள்ளது, முதலில் பணம் அனுப்புக” என்று கூறும் வஞ்சகரும் உலகில் உளர். மறைத்த அடையாளத்தை அவரிடம் வினாவினால் மெய்யும் பொய்யும் விளங்கும்.

நகராட்சி, மாநகராட்சி அலுவலகங்களையும், கால்நடை மருத்துவமனைகளையும், விலங்கு நலம் பேணும் அமைப்புகளையும் நேரில் சென்று வினாவ வேண்டும். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்கின்றனர். கழுத்துப்பட்டை இழந்த வளர்ப்பு நாய் தெருநாய் என்று பிடிக்கப்பட்டிருத்தல் கூடும்.

நாயைக் கண்டபின் செய்யத்தக்கன

கண்டவுடன் பாய்ந்து பிடிக்க முற்படுதல் பெரும்பிழை. அஞ்சிய நாய், பழகியவரையும் அறியாது ஓடும். தேடுவோர் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பி மெல்ல அமர வேண்டும். அதன் கண்ணை உற்று நோக்கலாகாது. பெயரை மென்குரலில் கூறி, உணவைச் சிறிது தொலைவில் இட்டுக் காத்திருத்தல் வேண்டும். நாய் மணம் பிடித்துத் தன்னவர் என்று உணர்ந்த அக்கணமே வால் குழையும், அச்சம் அகலும்.

காணாமற்போயிருந்த காலத்தில் வெறிநோய் கொண்ட நாய் அதனைக் கடித்திருத்தல் கூடும். எனவே மீண்ட நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேடுவோரை எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அப்புண்ணை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். 1885-இல் லூயி பாசுடர் கண்ட தடுப்பூசி எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. நோய்க்குறி தோன்றியபின் மருந்து பயனற்றது. ஆதலால் நாள் கடத்தலும், மஞ்சள் சுண்ணாம்பு பூசி ஆறுதலடைதலும் உயிருக்கே கேடாம்.

வெள்ளக் காலம்

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது; குளங்கள் உடைந்தன; ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு இரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. ஆடுமாடுகள் பல வெள்ளத்தில் மாண்டன.

இத்தகைய காலத்தில் தேடும் முறை வேறு. வெள்ளம் மோப்பத்தடத்தை அழித்துவிடும். நாய் தானே வழியறிதல் அரிதாகும். நீர் சென்ற திசையில், மேடான இடங்களில் தேட வேண்டும். குளக்கரை, இரயில் பாதைக் கரை, கோயில் மண்டபம், பள்ளிக்கூடத்து மாடி ஆகியன அத்தகைய இடங்கள். நீர் முற்றும் வடிந்த பின்னரே தேடப் புறப்பட வேண்டும். எல்லாவற்றினும் தலையாயது ஒன்று உண்டு: வெள்ளம் வரும் எனில் நாயைக் கட்டிய சங்கிலியை அவிழ்த்துவிட வேண்டும். கட்டுண்ட நாய் நீந்தவும் மாட்டாது, ஓடவும் மாட்டாது. அவிழ்த்துவிடப்பட்ட நாயைப் பின்னர்த் தேடிக் காணலாம். கட்டிவைத்த நாயைக் காண்பது எங்ஙனம்?

வருமுன் காத்தல்

நோய்க்கு மருந்தினும் வாராமற் காத்தல் சிறந்தது. நாயின் கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்று தொங்குமாயின், கண்டவர் எவரும் செய்தி கூறுவர். பட்டை அறுந்து விழலாம்; அறாத அடையாளமும் இன்று உண்டு. நெல்மணி அளவேயான நுண்சில்லு ஒன்றைக் கால்நடை மருத்துவர் தோலின்கீழ்ச் செலுத்துவர். அதற்குரிய கருவியை அருகில் வைத்தால் 15 இலக்க எண் தோன்றும். அவ்வெண்ணைக் கொண்டு உரியவரை அறியலாம். ஆனால் அச்சில்லு நாய் இருக்குமிடத்தைத் தானே காட்டாது. கண்டெடுத்தவர் மருத்துவரிடம் கொண்டு சென்றாலன்றி அது பேசாது. வெடி வெடிக்கும் இரவுகளில் நாயை உள்ளறையில் வைத்தலும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இடுதலும், அழைத்தவுடன் வருமாறு இளமையிலேயே பழக்குதலும் உரியவர் கடமைகளாம்.

நாய் மனிதனை நம்பித் தன் காட்டு வாழ்வைத் துறந்தது. வழியறியாது தெருவில் திகைத்து நிற்கும் நாய், அந்நம்பிக்கையோடுதான் செல்வோர் முகத்தை ஒவ்வொன்றாக நோக்குகிறது. எடுத்தனூர்க் கோவிவன் தன் தலைவனை விட்டு நீங்கவில்லை. அத்தகைய குலத்தில் வந்த உயிரை, இருநாள் தேடிக் கைவிடாது, முறையறிந்து பொறுமையோடு தேடிக் காப்பதே மக்கட்பண்பாகும்.